பழைய சேஃப்டி ரேசரைப் பாழாக்காமல் சுத்தம் செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாத்தாவின் பெட்டியிலிருந்தோ பழைய சாமான் குவியலிலிருந்தோ ஒரு உலோக ரேசர் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: இதைத் தேய்த்துப் பளபளக்க வைக்க வேண்டும். அந்த ஆசைதான் ரேசருக்கு முதல் எதிரி. ஐம்பது வருட அழுக்கு ரேசரை ஒன்றும் செய்திருக்காது, ஐந்து நிமிட ஆர்வம் அதன் முலாமைத் தின்றுவிடும். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றிலும் நான் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இதுதான்: இப்போது வெளியே வருவது அழுக்கா, முலாமா?

ரேசர் கைக்கு வந்ததும் முதல் வேலை என்ன?

பிளேடு உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது. பழைய ரேசர்களில் கடைசியாகச் சவரம் செய்தவர் விட்டுப்போன பிளேடு அப்படியே இருப்பது சகஜம். அந்தக் காலத்து கார்பன் ஸ்டீல் பிளேடு துருப்பிடித்துத் தலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் வெட்டும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, பிளேடின் இரண்டு குறுகிய ஓரங்களை மட்டும் பிடித்து எடுங்கள். ஒட்டியிருந்தால் நெம்ப வேண்டாம், சோப்புத் தண்ணீரில் ஊறிய பிறகு தானாக விடும். எடுத்த பிளேடைக் குப்பையில் வெறுமனே போடாமல் மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள்.

அடுத்து, சுத்தம் செய்வதற்கு முன்பே நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேய்த்ததால் வந்த கீறலா, முன்பே இருந்ததா என்ற சந்தேகம் பிறகு வரும்போது அது உதவும்.

என் ரேசர் எந்த உலோகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் உண்மையில் முதல் கேள்வி. ஒரு உலோகத்துக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு விஷம்.

நல்ல பழைய ரேசர்களில் பெரும்பாலானவை பித்தளை, அதன் மேல் நிக்கல் முலாம். சிலவற்றில் வெள்ளி, தங்கம், ரோடியம் முலாமும் உண்டு. நிக்கல் என்றால் வெள்ளையில் லேசாக மஞ்சள் கலந்த வெதுவெதுப்பான நிறம். குரோமியம் என்றால் நீலம் கலந்த குளிர்ந்த பளபளப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். முலாம் தேய்ந்த ஓரங்களில் மஞ்சளாக எட்டிப் பார்ப்பது பித்தளை.

கையில் தூக்கிப் பார்த்தாலும் பாதி விஷயம் தெரிந்துவிடும். பித்தளை ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.5 கிராம், வார்ப்புக்குப் பயன்படும் துத்தநாகக் கலவை சுமார் 6.6 கிராம், அலுமினியம் 2.7 கிராம். அளவுக்குப் பொருந்தாத எடையின்மை இருந்தால் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் என்று சந்தேகப்படலாம். குரோமியப் பூச்சில் சின்னச் சின்னக் கொப்புளமும் அதற்கடியில் சாம்பல் நிறக் குழிகளும் தெரிந்தால் அது அநேகமாகத் துத்தநாகக் கலவை. காந்தம் ஓரளவே உதவும்: பித்தளையும் அலுமினியமும் துத்தநாகமும் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் உள்ளே இருக்கிற எஃகு ஸ்பிரிங்கோ தடித்த நிக்கல் முலாமோ லேசாக இழுத்து உங்களை ஏமாற்றும்.

கத்தியால் சுரண்டிப் பார்த்து உலோகம் கண்டுபிடிக்கிற பழக்கம் இருந்தால் அதை இங்கே விட்டுவிடுங்கள்.

சரி, எல்லா ரேசருக்கும் ஆபத்தில்லாத முறை எது?

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவுகிற திரவம் சில சொட்டு, மென்மையான பழைய டூத் பிரஷ், பொறுமை. பத்தில் எட்டு ரேசர்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது என்பது என் அனுபவம்.

தண்ணீர் கைக்கு இதமாக இருக்க வேண்டும், 40 டிகிரி செல்சியஸ் போதும். மூன்று துண்டாகப் பிரிகிற ரேசராக இருந்தால் தலை மூடி, அடித்தட்டு, கைப்பிடி மூன்றையும் பிரித்து ஒரு கிண்ணத்தில் போட்டு அரை மணி நேரம் ஊற விடுங்கள். பேக்கலைட் என்கிற பழைய கெட்டிப் பிளாஸ்டிக் பாகங்களை மட்டும் ஊறவைக்க வேண்டாம், காரணம் பின்னால். வாஷ்பேசினில் நேரடியாகச் செய்யாதீர்கள். ஒரு சின்னத் துண்டு வழுக்கிக் குழாய்க்குள் போனால் அந்தக் கதை அங்கேயே முடிந்தது. ஊறியதும் பிரஷ்ஷால் தேயுங்கள். திருகு மரை, பிளேடுக்கு அடியில் சீப்பு போலிருக்கும் பற்களின் இடுக்கு, கைப்பிடியின் வரிப்பள்ளங்கள், இங்கெல்லாம்தான் அழுக்கு உட்கார்ந்திருக்கும். பல்குத்தும் மரக்குச்சி நல்ல கருவி, ஊசி வேண்டாம்.

முதல் தடவையில் முழுதாகப் போகாது. தண்ணீரை மாற்றி மறுபடி ஊற வையுங்கள். நேரத்தை நீட்டுவதைவிட, சுத்தமான தண்ணீரில் பல தடவை செய்வது மேல். கடைசியில் நன்றாக அலசி, துணியால் ஒற்றி, பிரித்த நிலையிலேயே உலர விடுங்கள். மரைக்குள் ஈரம் நின்றால் பச்சைக் களிம்பு அங்கேதான் தொடங்கும்.

ரேசரில் நாம் பார்க்கிற வெள்ளைப் படிவு வெறும் அழுக்கு அல்ல. சோப்பிலுள்ள கொழுப்பு அமிலமும் கடின நீரிலுள்ள கால்சியமும் சேர்ந்து உருவான, நீரில் கரையாத பொருள். அதனால்தான் சாதாரணக் குளியல் சோப்பால் அது போகாது. பாத்திரம் கழுவும் திரவத்தின் வேதிப்பொருள் கால்சியத்தோடு சேர்ந்து அப்படி உறைவதில்லை என்பதால், அதுதான் இங்கே வேலை செய்யும்.

வினிகரில் ஊற வைத்தால் சீக்கிரம் போகும் என்கிறார்களே?

போகும். கூடவே வேறு சிலவும் போகும்.

நான் ஆரம்பத்தில் செய்த தவறு இது. சுண்ணாம்புப் படிவு கெட்டியாக இருந்த ஒரு ரேசரை வினிகரில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் படிவு சுத்தமாகப் போயிருந்தது. குரோமியம் உரிந்து, அடித்தட்டு முழுக்கச் சாம்பல் நிறச் சொரசொரப்பு. அது துத்தநாகக் கலவை என்று எனக்கு அப்போது தெரியாது. முலாமில் இருந்த ஊசிமுனை ஓட்டைகள் வழியாக அமிலம் உள்ளே போய் அடியிலிருந்தே தின்றிருக்கிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

வினிகர், எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் அமிலம் எல்லாம் சுண்ணாம்புப் படிவைக் கரைப்பவைதான். முலாம் முழுசாக இருக்கிற பித்தளை ரேசரில் மட்டும், சோப்புத் தண்ணீர் இரண்டு மூன்று தடவை தோற்ற பிறகு, ஒரு பங்கு வினிகருக்கு நாலைந்து பங்கு தண்ணீர் கலந்து, இரண்டு மூன்று நிமிடம். பக்கத்திலேயே நின்று பாருங்கள். உடனே அலசி, சிட்டிகை சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுத்து, மறுபடி அலசுங்கள். துத்தநாகக் கலவை, அலுமினியம், தங்க முலாம், ஏற்கெனவே உரிகிற முலாம் ஆகியவற்றுக்கு அமிலமே வேண்டாம்.

கொதிக்கிற தண்ணீரில் போடலாமா?

வேண்டாம். கிருமி சாகும் என்று நினைத்துச் செய்வார்கள். லேக்கர் என்கிற வார்னிஷ் மாதிரியான மேல்பூச்சு வெளுத்து உரியும், பசை இளகலாம், பழைய பிளாஸ்டிக் கைப்பிடி வளையும், உலோகங்கள் வெவ்வேறு அளவில் விரிவதால் பலவீனமான முலாம் எழும்பும். பாத்திரம் கழுவும் மெஷினும் இதே கணக்குதான். அதில் போடுகிற பவுடரின் காரத்தன்மை அலுமினியத்தைக் கறுக்க வைக்கும்.

பற்பசையால் தேய்க்கலாமா?

பற்பசையில் இருப்பது சிலிக்கா அல்லது கால்சியம் கார்பனேட் போன்ற தேய்ப்புத் தூள். பல் எனாமல் கடினமானது, அதற்காகக் கணக்கிட்டுச் செய்தது. தங்க முலாம் பல நேரம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. பற்பசையால் தங்க ரேசர் பளபளப்பது உண்மைதான், அந்தப் பளபளப்பு பித்தளையுடையது.

மெட்டல் பாலிஷ் எப்போது, எப்படி?

பாலிஷ் என்பது சுத்தம் அல்ல. மேற்பரப்பின் மிக மெல்லிய படலத்தைச் சுரண்டி எடுப்பது. அதைத் தெரிந்துகொண்டு செய்தால் தப்பில்லை. தடித்த நிக்கல் முலாமுள்ள ரேசர் மங்கிப் போயிருந்தால், சோப்புக் கழுவல் முடிந்து முழுக்க உலர்ந்த பிறகு, மிக நுண்ணிய பசை வகைப் பாலிஷில் ஒரு கடுகளவு மென்மையான பருத்தித் துணியில் எடுத்து, கையால், ஒரே இடத்தில் அழுத்தாமல் சில தேய்ப்புகள். ஃபிளிட்ஸ், சிமிகுரோம் போன்றவற்றைச் சேகரிப்பாளர்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கென்று விற்கிற திரவப் பாலிஷ்களில் பலவும் கரடுமுரடானவை, சிலவற்றில் அமோனியாவும் உண்டு. அவை முலாம் பூசிய பொருளுக்கானவை அல்ல.

துணி கறுப்பாவதை வைத்து "அழுக்கு வருகிறது" என்று முடிவு செய்யாதீர்கள். புத்தம் புது நிக்கலைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தாலும் துணி கறுக்கும். அது நுண்துகளாகிப் போன உலோகம். அழுக்கு என்றால் கொஞ்ச நேரத்தில் குறையும். குறையவே இல்லையென்றால் நிறுத்துங்கள், நீங்கள் இப்போது ரேசரைத்தான் துணியில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

சுழலும் மோட்டார் கருவியைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: கைப்பிடியின் வரிப்பள்ளங்களின் கூர்மையும், தலையில் பொறித்த சின்னமும் எழுத்தும் ஒரே நிமிடத்தில் மழுங்கிவிடும். கம்பி நாரும் எஃகு நாரும் அப்படியே.

அமோனியாவும் பிளீச்சும் ஏன் கூடாது?

பிளீச்சிலுள்ள குளோரின் நிக்கலையும் எஃகையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். பேக்கலைட்டின் மேற்பரப்பையும் கெடுக்கும். தவிர பிளீச்சோடு வினிகரோ வேறு அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அமோனியா சேர்ந்தால் குளோரமீன் வரும். இரண்டும் நுரையீரலுக்குக் கேடு. ரேசருக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

அமோனியாவின் கதை சுவாரசியமானது. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தபோது, யாரும் தொடாமலே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவும் ஈரமும்தான் காரணம் என்பது 1921இல் உறுதியானது. இழுத்து நீட்டி உருவாக்கிய பித்தளைக்குள் அழுத்தம் தேங்கியிருக்கும், அந்த இடத்தைத்தான் அமோனியா பிளக்கும். பழைய ரேசர்களின் கைப்பிடி பல நேரம் அப்படிப்பட்ட மெல்லிய பித்தளைக் குழாய்தான். 1920களின் ரேசர்களில் கைப்பிடிக் கழுத்தில் மயிரிழை விரிசல் அடிக்கடி காணப்படுகிறது. அதை மேலும் வளர்க்க நாம் உதவ வேண்டாம். கண்ணாடி துடைக்கிற திரவத்தின் லேபிளையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

பச்சையாக ஒன்று படிந்திருக்கிறது. அது என்ன?

களிம்பு. முலாம் போன இடத்தில் பித்தளையிலுள்ள செம்பு ஈரத்தோடும் காற்றோடும் பழைய சோப்போடும் சேர்ந்து உண்டாக்குவது. மெழுகு போல மெத்தென்று இருந்தால் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மரக்குச்சியால் வழித்தாலே வரும். கெட்டியாக இருந்தால் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டு ஒரு நாள் வைத்துப் பிறகு முயலுங்கள். களிம்பு போன இடத்தில் ஒரு குழியோ கறையோ தெரியும். அது களிம்பு செய்த சேதம், இனி அழியாது. அதைத் தேய்த்துச் சமப்படுத்த நினைத்தால் சுற்றியிருக்கிற நல்ல முலாமும் போய்விடும். களிம்புத் தூளை மூக்கில் வாயில் போகவிடாமல் ஈரமாகவே கையாளுங்கள்.

திருகு இறுகிவிட்டது, திறக்கவே வரவில்லை. குறடு போடலாமா?

குறடு போட்டால் திறக்கும், அல்லது கைப்பிடி முறுக்கி உடையும். குறட்டின் பல் பதிந்த தடம் எப்படியும் மிச்சம். அதற்குப் பதில்: முதலில் இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீரில் ஒரு இரவு. சோப்புத் தண்ணீர்தான், வினிகர் இல்லை. காய்ந்த பிறகு மரை தொடங்கும் இடத்தில் ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு, தலைகீழாக நிறுத்தி இரண்டு நாள். அப்புறம் ரப்பர் கையுறையோடு பிடித்துத் திருகுங்கள். விடவில்லையென்றால் மறுபடி எண்ணெய், மறுபடி இரண்டு நாள். ஒரு வாரம் கழித்து விட்டுக்கொடுத்த ரேசர்களைப் பார்த்திருக்கிறேன்.

குமிழைத் திருகினால் இரண்டு கதவு திறக்கிற ரேசரைக் கழற்றிச் சுத்தம் செய்யலாமா?

கழற்ற வேண்டாம். ஜில்லெட்டின் சூப்பர் ஸ்பீடு போன்ற ஒற்றைத் துண்டு ரேசர்கள் வீட்டில் கழற்றுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அடிமுனை அடித்து இறுக்கப்பட்டிருக்கும், பிரித்தால் மறுபடி அதே இறுக்கம் வராது. பிளேடின் இடைவெளியை எண் வைத்துக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் உள்ள வகைகளில் உள்ளே இருக்கும் பாகங்களை ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் எண்கள் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

சோப்புத் தண்ணீரில் மூழ்கிய நிலையில் குமிழை மெதுவாக முன்னும் பின்னும் திருகிக்கொண்டே இருங்கள். உள்ளே இருந்து சாம்பல் நிறக் குழம்பு வெளியே வரும், பார்க்கச் சகிக்காது. தண்ணீர் தெளிவாகும்வரை மாற்றி மாற்றிச் செய்து, கடைசியில் ஹேர் டிரையரைக் குளிர் காற்றில் வைத்து ஊதி, ஒரு நாள் திறந்தே வையுங்கள். பிறகு திருகுத் தண்டிலும் கதவுக் கீல்களிலும் ஒவ்வொரு சொட்டு மினரல் ஆயில். சமையல் எண்ணெய் சில மாதங்களில் பிசின் போல இறுகும். துருவை இளக்கும் டபிள்யூடி-40 வகைத் தெளிப்பான்கள் நிலைத்து நிற்கும் எண்ணெய் அல்ல, வேலை முடிந்ததும் துடைத்துவிட்டு எண்ணெய் போட வேண்டும்.

சக்கரம் நகரவில்லையென்றால் பலம் காட்டாதீர்கள். சிக்கியிருப்பது சோப்புக் கட்டிதான், இன்னும் இரண்டு ஊறலில் இளகும்.

அல்ட்ராசோனிக் கிளீனர் வாங்கலாமா?

கதவு வகை ரேசர்கள் நாலைந்து இருந்தால் பிரயோஜனம் உண்டு. சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் நீரில் உருவாகி உடையும் நுண்குமிழிகள் பிரஷ் எட்டாத இடத்தை எட்டும். ஆனால் எழும்பி நிற்கிற முலாமையும், சக்கரத்தின் எண்களில் நிரப்பிய சிவப்பு, கறுப்புப் பெயின்ட்டையும் அழுக்கு என்றே அது நினைத்துக்கொள்ளும். இரண்டு இரண்டு நிமிடமாக ஓட்டி, எடுத்துப் பாருங்கள். ஸ்பிரிட்டை அந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது, தீப்பிடிக்கும்.

பெயின்ட் போய்விட்டால் கவலை வேண்டாம். எனாமல் பெயின்ட்டைப் பல்குத்தும் குச்சியால் எண்ணின் பள்ளத்தில் நிரப்பி, காய்வதற்குள் மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் சரியாகிவிடும். சேதங்களிலேயே சுலபமாகச் சரிசெய்யக்கூடியது இதுதான்.

யாரோ பயன்படுத்திய ரேசர். நோய் தொற்றாதா?

ரத்தத்தால் பரவும் கிருமிகளில் வெளியே அதிக நாள் தாங்குவதில் ஒன்றான ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். பத்து வருடம் அலமாரியில் கிடந்த ரேசரில் அந்தப் பயம் நடைமுறையில் இல்லை. ஆனால் கதை தெரியாத ரேசரைப் போன வாரம் வரை யாரோ பயன்படுத்தியிருக்கலாம். அதனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்துவது நல்லது.

வரிசை முக்கியம்: முதலில் சோப்புக் கழுவல், பிறகு கிருமிநாசினி. அழுக்கின் மேல் ஊற்றினால் கிருமிநாசினி அழுக்கைத்தான் நனைக்கும். 70 சதவீத ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் ஐந்து பத்து நிமிடம் முக்கி, எடுத்து உலர்த்துங்கள். 99 சதவீதம் இன்னும் நல்லது என்று தோன்றும், ஆனால் கிருமியின் புரதத்தைக் குலைக்கத் தண்ணீரும் வேண்டும், அதனால் 70தான் மேல். லேக்கர் பூசிய தங்க ரேசருக்கும் செல்லுலாய்டு என்கிற பழைய பிளாஸ்டிக் கைப்பிடிக்கும் முக்குதல் வேண்டாம். ஒரு மறைவான மூலையில் நனைந்த துணியால் தொட்டுப் பார்த்து, பூச்சு பிசுபிசுக்காவிட்டால் விரைவாகத் துடையுங்கள்.

தங்க முலாம், வெள்ளி முலாம் ரேசர்களுக்கு?

தங்கத்துக்குச் சோப்புத் தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் மட்டும். பல தங்க ரேசர்களில் முலாமின் மேல் மெல்லிய லேக்கர் இருக்கும். அது திட்டுத் திட்டாகப் போன இடம் மங்கலாகத் தெரிவதைப் பார்த்து "தங்கம் போய்விட்டது" என்று நினைத்துத் தேய்ப்பார்கள், அப்போதுதான் உண்மையிலேயே போகும்.

வெள்ளியில் கறுப்பாகத் தெரிவது வெள்ளி சல்ஃபைடு. பாலிஷ் போட்டால் அந்தக் கறுப்போடு வெள்ளியும் போகும். அலுமினியத் தாள் விரித்த கண்ணாடிக் கிண்ணத்தில் சூடான தண்ணீர், ஒரு ஸ்பூன் சமையல் சோடா. ரேசர் தாளைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அலுமினியம் கந்தகத்தை இழுத்துக்கொள்ளும், வெள்ளி வெள்ளியாகவே திரும்பும். லேசாக முட்டை அழுகிய வாசனை வரும், பயப்பட வேண்டாம். ஒரு நிமிடம் போதும். வேலைப்பாடு செதுக்கியிருந்தால் பள்ளத்திலுள்ள கறுப்பும் போய், வேலைப்பாடு சப்பென்று ஆகிவிடும். அப்படிப்பட்ட ரேசரை நான் கறுப்போடே விட்டுவிடுவேன்.

பேக்கலைட், செல்லுலாய்டு?

பேக்கலைட்டைச் சூடான தண்ணீரில் நனைத்தால் ஃபார்மலின் வாசனை வரும், அடையாளம் காண அது போதும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் விரைவாகக் கழுவித் துடைக்கலாம், ஊறவைக்க வேண்டாம். பளபளப்பு போய்ச் சொரசொரப்பானால் உள்ளே இருக்கும் மரத்தூள் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். செல்லுலாய்டுக்குக் கற்பூர வாசனை. அது சுலபமாகத் தீப்பிடிக்கும், அசிட்டோனில் கரையும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கிற சோதனையைச் செய்ய வேண்டாம்.

முலாம் போய்ப் பித்தளை தெரிகிறது. அதில் சவரம் செய்யலாமா?

தாராளமாக. தோலில் சில விநாடி படுகிற பித்தளையால் கெடுதல் இல்லை. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத்தான் முலாமே தொல்லை. பித்தளை தெரிகிற இடம் கறுக்கும், களிம்பு பிடிக்கும். சவரம் முடிந்ததும் அலசி உலர்த்தினால் போதும்.

புதிதாக முலாம் பூசிக்கொள்ளலாமா?

ரேசர் சாதாரண வகை, முலாம் பாதி போய்விட்டது, நீங்கள் தினமும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் பூசலாம். அரிதான மாடல் என்றால் தொடாதீர்கள். சேகரிப்பாளர்கள் தேய்ந்த அசல் முலாமைத்தான் விரும்புகிறார்கள்.

முலாம் பூசுகிறவர் பழைய முலாமை உரித்து, பித்தளையைப் பாலிஷ் போட்டு, பிறகுதான் புது முலாம் ஏற்றுவார். அந்த இடைப்பட்ட பாலிஷில்தான் எழுத்துகள் மழுங்கும். எழுத்தைக் காப்பாற்றச் சொல்லி முன்பே பேசிவிடுங்கள். குழி விழுந்த துத்தநாகக் கலவை ரேசரை நல்ல முலாம்காரர்கள் வாங்கவே தயங்குவார்கள். வீட்டில் பேட்டரியும் வினிகரும் வைத்து முயல்வதைப் பற்றி ஒன்று மட்டும்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மின்முனையாக வைத்தால் நச்சான ஆறிணைதிறன் குரோமியம் கரைசலில் சேரும்.

சீப்புப் பல் வளைந்திருக்கிறது. நிமிர்த்தலாமா?

லேசான வளைவு என்றால், துணி சுற்றிய தட்டைக் குறடால், ஒரே தடவையில், கொஞ்சமாக. முன்னும் பின்னும் வளைத்தால் பித்தளை இறுகி முறியும். கூர்மையாக மடங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

சவரத்துக்கு முன் இரண்டு சோதனை செய்து பாருங்கள். பிளேடு போடாமல், பிளேடுக்கு அடியில் வரும் பாதுகாப்புப் பட்டை மேல் பஞ்சை இழுங்கள். இழை சிக்கினால் அங்கே பிசிர் இருக்கிறது. பிறகு பிளேடைப் போட்டு, இரண்டு பக்கமும் வெளியே தெரியும் அளவு சமமா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சமமில்லையென்றால் தலை எங்கோ கோணியிருக்கிறது, ஒரு பக்கம் வெட்டும்.

இத்தனை பழைய ரேசருக்கு இன்றைய பிளேடு பொருந்துமா?

இரட்டை முனை ரேசருக்குப் பொருந்தும். கிங் கேம்ப் ஜில்லெட்டின் நிறுவனம் விற்பனையைத் தொடங்கிய 1903இல் விற்றது 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான். அந்த வடிவ ரேசருக்கே இன்றைய பிளேடு உட்காரும். ஒற்றை முனை ஜெம், ஷிக் இன்ஜெக்டர் வகைகளுக்குத் தனி பிளேடு வேண்டும், இரண்டும் இன்னும் கிடைக்கின்றன.

வயது தெரிய வேண்டுமென்றால் ஜில்லெட் ரேசரின் தலைக்கு அடியில் பாருங்கள். 1950களிலிருந்து ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். ஆங்கில அகர வரிசையின் முதல் எழுத்து 1955, அடுத்தது 1956, இப்படியே போகும். எண் அந்த ஆண்டின் காலாண்டு. அழுக்கில் மறைந்திருக்கும் அந்த எழுத்தைத் தேட மரக்குச்சி போதும்.

பழைய பெட்டியிலேயே வைக்கலாமா?

பெட்டி உலர்ந்திருந்தால் வைக்கலாம். வெல்வெட்டை நனைக்காதீர்கள், அடியிலுள்ள பசை இளகிக் கறை மேலே வரும். உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். பூஞ்சை வாசனை இருந்தால், திறந்த பெட்டியையும் ஒரு கிண்ணம் சமையல் சோடாவையும் பெரிய மூடிய டப்பாவில் சில நாள் வையுங்கள். ரப்பர் பேண்டைச் சுற்றி வைக்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கும். சிதையத் தொடங்கிய செல்லுலாய்டு பெட்டி அமில ஆவி விடும். அதில் ரேசரை வைத்தால் ஊறுகாய் ஜாடியில் வைத்த மாதிரி. ரேசரை வெளியே எடுத்து, சிலிக்கா ஜெல் பையோடு வேறு டப்பாவுக்கு மாற்றுங்கள்.

முந்தைய சொந்தக்காரர் தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்திருக்கிறார். அதை அழிக்க முடியுமா?

முடியும். பொறித்த ஆழம்வரை சுற்றியுள்ள உலோகத்தைத் தேய்த்து இறக்க வேண்டும். முலாம் அதற்கு வெகு முன்பே தீர்ந்திருக்கும். நான் வைத்திருப்பதில் ஒன்றில் யாரோ ஊசியால் கோணல்மாணலாக இரண்டு எழுத்து கீறியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை கழுவும்போதும் அந்தக் கீறலில்தான் சோப்பு தங்கும், குச்சியால் வழித்துவிட்டு உலர வைப்பேன்.